கெர்னலிடம் நேராகக் கேட்கும் புரோகிராம்கள்

விண்டோஸ் அப்டேட் முடிந்து கம்ப்யூட்டர் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. வேர்ட் திறக்கிறது. பிரவுசர் திறக்கிறது. பாட்டும் கேட்கிறது. ஒரே ஒரு புரோகிராம் மட்டும், ஐகானில் டபுள் கிளிக் செய்தால், எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துவிடுகிறது. நேற்று வரை ஒழுங்காக ஓடியதுதான். "அப்டேட் கெடுத்துவிட்டது" என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்.

எனக்கு வரும் சந்தேகங்களில் இந்த வகைக்கு எப்போதும் இடம் உண்டு. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றில் வெளியே அதிகம் பேசப்படாத ஒன்றை இந்த மாதம் எடுத்துக்கொள்வோம். ஒரு புரோகிராம் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் எந்த வழியாக வேலை வாங்குகிறது என்பதுதான் அது. முறையான வழி ஒன்று இருக்கிறது. குறுக்கு வழி ஒன்றும் இருக்கிறது. குறுக்கு வழியில் போன புரோகிராமுக்கு அப்டேட் வரும் நாளெல்லாம் கண்டம்தான்.

இதைப் புரிந்துகொள்ள உங்களுக்குப் புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. வங்கிக்குப் போய்ப் பணம் கட்டிய அனுபவம் போதும்.

நோட்பேடுக்கு ஹார்ட் டிஸ்க் தெரியாது

நோட்பேடில் நான்கு வரி டைப் செய்து சேவ் கொடுக்கிறீர்கள். பைல் ஹார்ட் டிஸ்க்கில் பதிவாகிவிடுகிறது. நோட்பேடே டிஸ்க்கில் எழுதிவிட்டது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் நோட்பேடுக்கு டிஸ்க்கைத் தொடும் உரிமையே கிடையாது. உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது சுற்றும் ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா, பென் டிரைவா என்பது கூட அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

அது செய்வதெல்லாம் ஒரு வேண்டுகோள் வைப்பதுதான். "இந்தப் பெயரில் ஒரு பைலைத் திறந்து கொடுங்கள்" என்று கேட்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல் அந்த வேண்டுகோளை வாங்கிக்கொள்கிறது. அந்தப் போல்டரில் எழுத உங்களுக்கு அனுமதி இருக்கிறதா, டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, அதே பைலை வேறு புரோகிராம் பிடித்து வைத்திருக்கிறதா என்று பார்க்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் ஒரு எண்ணைக் கொடுக்கிறது. இதை ஹேண்டில் என்பார்கள். வங்கியில் கொடுக்கும் டோக்கன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு "இந்த டோக்கனுக்குரிய பைலில் இந்த எழுத்துகளை எழுதுங்கள்", "முடிந்தது, மூடிவிடுங்கள்" என்று அடுத்தடுத்து வேண்டுகோள்கள் போகும்.

இப்படிக் கெர்னலிடம் வைக்கும் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் சிஸ்டம் கால் என்று பெயர். இங்கே கால் என்றால் அழைப்பு. நடக்கும் கால் அல்ல. குழப்பம் வேண்டாம் என்பதால் இனி சிஸ்டம் அழைப்பு என்றே எழுதுகிறேன்.

"அனுமதி மறுக்கப்பட்டது", "டிஸ்க் நிறைந்துவிட்டது", "இந்த பைலை வேறு புரோகிராம் பயன்படுத்துகிறது" என்ற செய்திகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவை பெரும்பாலும் கெர்னல் கொடுத்த பதில்கள். புரோகிராம் அதை வாங்கி ஒரு டயலாக் பாக்ஸில் போட்டு உங்களுக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

நடுவில் ஒரு தடுப்பு

வங்கியில் வாடிக்கையாளர் நிற்கும் இடம் வேறு, பணப்பெட்டி இருக்கும் இடம் வேறு. நடுவில் கவுன்டர் இருக்கிறது. சலான் எழுதி நீட்டலாம். உள்ளே போய் நாமே பணத்தை எடுத்து வர முடியாது.

கம்ப்யூட்டரில் இந்தத் தடுப்பைப் போட்டிருப்பது ப்ராசசர். இன்டெல் நிறுவனம் 1982-ல் வெளியிட்ட 80286 ப்ராசசரிலேயே 0 முதல் 3 வரை நான்கு அதிகார நிலைகள் இருந்தன. விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் பிசியில் இவற்றில் இரண்டைத்தான் பயன்படுத்துகின்றன. கெர்னல் 0 நிலையில் ஓடும். நமது புரோகிராம்கள் 3 ஆம் நிலையில் ஓடும். 3 ஆம் நிலையில் இருக்கும் புரோகிராம் டிஸ்க்கையோ வேறு புரோகிராமின் மெமரியையோ தொட முயன்றால் ப்ராசசரே தடுத்துவிடும்.

இந்தத் தடுப்பினால் நமக்கு என்ன லாபம்? ஒரு கேம் குழம்பி நின்றுவிட்டால் அந்த கேம் மட்டும் மூடப்படும். பக்கத்தில் நீங்கள் டைப் செய்துகொண்டிருக்கும் கடிதம் பிழைத்துக்கொள்ளும். அதே குழப்பம் தடுப்புக்கு உள்ளே, கெர்னல் பகுதியில் நடந்தால் மொத்த கம்ப்யூட்டரும் நீலத் திரையோடு நின்றுவிடும். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுவதும் விமான நிலையங்களும் வங்கிகளும் தடுமாறியது நினைவிருக்கலாம். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாப்ட்வேர் கெர்னல் பகுதியில் ஓடுவது. அதற்கு வந்த ஒரு பிழையான அப்டேட்தான் காரணம். சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. தடுப்பின் எந்தப் பக்கம் பிழை நடக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் பாருங்கள்.

சரி, தடுப்பைத் தாண்டி வேண்டுகோள் எப்படிப் போகிறது? ப்ராசசரில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. புரோகிராம் தனக்கு வேண்டிய சேவையின் எண்ணை ப்ராசசரில் குறிப்பிட்ட இடத்தில் வைத்துவிட்டு, அந்தக் கட்டளையைக் கொடுக்கும். உடனே ப்ராசசர் 0 நிலைக்கு மாறி, கெர்னல் முன்பே குறித்து வைத்த ஒரே வாசலுக்குப் போகும். கெர்னலுக்குள் எங்கே நுழைவது என்பதைப் புரோகிராம் தீர்மானிக்க முடியாது. கெர்னல் எண்ணைப் பார்த்து, அதற்குரிய வேலையைச் செய்து, பதிலோடு திருப்பி அனுப்பும்.

விசாரணை மேஜையும் கவுன்டர் எண்ணும்

இனிதான் முக்கியமான இடம். பெரிய வங்கிக் கிளையில் நூறு கவுன்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு விசாரணை மேஜை. "பணம் கட்ட வேண்டும்" என்று சொன்னால் போதும். அங்கே இருப்பவர் சலானைச் சரிபார்த்து, எந்தக் கவுன்டரோ அங்கே அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

விண்டோஸில் இந்த விசாரணை மேஜைதான் ஏபிஐ. நோட்பேட் போன்ற புரோகிராம், "கிரியேட் பைல்" என்ற பெயருள்ள சேவையைக் கேட்கும். இந்தச் சேவை கெர்னல்32 என்ற டிஎல்எல் பைலின் வழியாகக் கிடைக்கும். அது வேண்டுகோளைச் சரிபார்த்து, என்டிடிஎல்எல் என்ற இன்னொரு டிஎல்எல்லிடம் கொடுக்கும். இந்த என்டிடிஎல்எல்தான் சேவை எண்ணைப் போட்டு, தடுப்பைத் தாண்டும் கட்டளையைக் கொடுக்கிறது. எந்தச் சேவைக்கு எந்த எண் என்பது அதற்குத் தெரியும். புரோகிராமுக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஏபிஐயில் உள்ள பெயர்களையும் அவற்றைக் கேட்கும் முறையையும் மைக்ரோசாப்ட் வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. புதிய விண்டோஸ் வந்தாலும் அவற்றைக் கூடியவரை காப்பாற்றி வருகிறது. அதனால்தான் 2001-ல் வந்த எக்ஸ்பிக்காக எழுதப்பட்ட எத்தனையோ புரோகிராம்கள் இன்றும் ஓடுகின்றன. ஆனால் உள்ளே இருக்கும் கவுன்டர் எண்களைப் பற்றி மைக்ரோசாப்ட் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அவை அதன் உள்வீட்டு விஷயம்.

விசாரணை மேஜையில் நிற்காமல், கவுன்டர் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு நேராகப் போவதுதான் நேரடி சிஸ்டம் அழைப்பு. புரோகிராம் எழுதுபவர் இரண்டு டிஎல்எல்களையும் ஒதுக்கிவிட்டு, எண்ணையும் தடுப்பைத் தாண்டும் கட்டளையையும் தன் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிடுகிறார்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நேராகப் போவதால் புரோகிராமுக்கு அதிக அதிகாரம் கிடைத்துவிடாது. அனுமதியைச் சோதிப்பது கெர்னல். அதாவது கவுன்டரில் இருப்பவர். விசாரணை மேஜையைத் தாண்டலாம், கவுன்டரைத் தாண்ட முடியாது. உங்களுக்கு உரிமையில்லாத பைல், எந்த வழியில் போய்க் கேட்டாலும் கிடைக்காது.

டாஸ் காலத்துப் பழக்கம்

எண்ணைச் சொல்லி வேலை வாங்குவது புதிதல்ல. ஐபிஎம் பிசி 1981-ல் வந்தபோது அதில் ஓடிய டாஸ், பெரும்பாலும் இன்டரப்ட் 21 என்ற வாசல் வழியாகத்தான் வேலை செய்தது. 1 என்றால் கீபோர்டிலிருந்து ஓர் எழுத்தை வாங்கு, 2 என்றால் ஓர் எழுத்தைத் திரையில் காட்டு, 9 என்றால் ஒரு வரியைக் காட்டு. இந்த எண்கள் புத்தகங்களில் அச்சிட்டு வெளிவந்தவை. டாஸின் புதிய பதிப்புகளிலும் அவை மாறவில்லை. எனவே புரோகிராமர்கள் நம்பிப் பயன்படுத்தினார்கள்.

ஆனால் டாஸ் வழியாகத் திரையில் எழுதுவது மெதுவாக இருந்தது. டாஸ் காலத்தில் தடுப்பு எதுவும் இல்லை. ஆகவே பல புரோகிராம்கள் டாஸையே விட்டுவிட்டு, திரைக்குரிய மெமரியில் நேராக எழுதத் தொடங்கின. 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 இதற்குப் பெயர்பெற்ற உதாரணம். அதன் வேகத்துக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் விளைவு என்ன? அந்தக் காலத்தில் டாஸ் ஓடும், ஆனால் ஐபிஎம் பிசியின் அமைப்பு இல்லாத கம்ப்யூட்டர்களும் விற்பனைக்கு வந்தன. டாஸிடம் முறையாகக் கேட்ட புரோகிராம்கள் அவற்றில் ஓடின. லோட்டஸ் 1-2-3 ஓடவில்லை. ஒரு கம்ப்யூட்டர் உண்மையிலேயே ஐபிஎம் பிசிக்குச் சமமானதா என்று பார்க்க, அதில் லோட்டஸ் ஓடுகிறதா என்று சோதிக்கும் வழக்கமே வந்துவிட்டது. டாஸ் மட்டும் இருந்தால் போதாது என்று, அப்படிப்பட்ட கம்ப்யூட்டர்கள் சந்தையிலிருந்து மறைந்தன.

எண் மாறினால் என்ன ஆகும்?

விண்டோஸில் பைலைத் திறக்கும் சேவையின் உள் பெயர் என்டி கிரியேட் பைல். அதன் எண்ணை மட்டும் பார்ப்போம். 32 பிட் எக்ஸ்பியில் 37. 32 பிட் விண்டோஸ் 7-ல் 66. 64 பிட் பதிப்புகளில் விண்டோஸ் 7-ல் 82, விண்டோஸ் 8-ல் 83, விண்டோஸ் 8.1-ல் 84, 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் 85.

82 என்று மனப்பாடம் செய்த புரோகிராம் விண்டோஸ் 8-க்குப் போனால், 82 ஆம் கவுன்டரில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார். பணம் கட்டும் சலானை நகைக்கடன் கவுன்டரில் நீட்டினால் என்ன நடக்கும்? திருப்பிக் கொடுத்துவிட்டால் அதிர்ஷ்டம். புரோகிராம் பிழைச் செய்தியோடு நிற்கலாம், சத்தமில்லாமல் மூடிக்கொள்ளலாம்.

யாரும் வேண்டுமென்று எண்களை மாற்றுவதில்லை. புதிய சேவை ஒன்று பட்டியலின் நடுவில் சேர்ந்தால், அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் ஓர் எண் தள்ளிப்போகும். விண்டோஸ் 10 என்ற ஒரே பெயருக்குள்ளேயே, பெரிய அப்டேட்கள் வந்தபோது சில சேவைகளின் எண்கள் மாறியிருக்கின்றன. முறையான வழியில் வந்த புரோகிராமுக்கு இது தெரியவே தெரியாது. ஏனென்றால் அந்த அப்டேட்டோடு புதிய என்டிடிஎல்எல்லும் சேர்ந்து வந்துவிடும். புதிய எண்கள் அதற்குத் தெரியும்.

ஆப்பிள் கம்ப்யூட்டரிலும் இதே கதை நடந்தது. கூகுள் உருவாக்கிய கோ என்ற புரோகிராமிங் மொழி, மேக் கம்ப்யூட்டரிலும் கெர்னலை நேராக அழைத்து வந்தது. 2016-ல் மேக்ஓஎஸ் சியரா வந்தபோது, நேரம் கேட்கும் சிஸ்டம் அழைப்பு உள்ளுக்குள் மாறியது. கோ 1.7-க்கு முந்தைய பதிப்புகளில் உருவாக்கிய புரோகிராம்கள் சியராவில் சரியாக வேலை செய்யாது என்று கோ குழுவே அறிவிக்க வேண்டியிருந்தது. ஆப்பிள் தன் வாக்கை மீறவில்லை. லிப்சிஸ்டம் என்ற தன் லைப்ரரி வழியாக வருபவர்களுக்குத்தான் அது வாக்குக் கொடுத்திருந்தது. 2018-ல் வந்த கோ 1.11 முதல் மேக்கில் அந்த லைப்ரரி வழிக்கு மாறத் தொடங்கி, 2019-ல் வந்த 1.12-ல் மீதியையும் மாற்றினார்கள்.

லினக்ஸில் மட்டும் ஏன் பிரச்சினை இல்லை?

அதே கோ மொழி லினக்ஸில் இன்றும் கெர்னலை நேராகத்தான் அழைக்கிறது. அங்கே அது தவறு இல்லை. லினக்ஸில் சிஸ்டம் அழைப்பு எண்களே வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட வாசல். 64 பிட் பிசியில் 0 என்றால் படி, 1 என்றால் எழுது, 2 என்றால் திற, 3 என்றால் மூடு. கெர்னலில் என்ன மாற்றம் செய்தாலும் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் நின்றுவிடக் கூடாது என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் மிகவும் கறாரானவர். எனவே புதிய சேவைகள் புதிய எண்களோடு சேரும். பழைய எண்கள் இடம் மாறாது.

இந்த வித்தியாசத்துக்குக் காரணமும் இருக்கிறது. விண்டோஸில் கெர்னலும் டிஎல்எல்களும் ஒரே நிறுவனத்தில் உருவாகி ஒன்றாகவே வருகின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். லினக்ஸில் கெர்னலை ஒரு குழு உருவாக்குகிறது, சி லைப்ரரியை வேறு குழு உருவாக்குகிறது. இரண்டு குழுவும் ஒத்துக்கொண்ட எல்லையாக இந்த எண்கள்தான் இருக்கின்றன.

அப்போதும் ஒரு எச்சரிக்கை உண்டு. எண்கள் ப்ராசசர் வகைக்கு வகை வேறு. 32 பிட் பிசி லினக்ஸில் படிப்பதற்கு 3, எழுதுவதற்கு 4. செல்போன்களில் உள்ள 64 பிட் ஏஆர்எம் ப்ராசசரில் படிப்பதற்கு 63, எழுதுவதற்கு 64. எண்ணைக் கையால் எழுதியவர் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். லைப்ரரியை நம்பியவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

பிறகு ஏன் குறுக்கு வழியில் போகிறார்கள்?

"நேராகப் போனால் வேகம்" என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் இது சரியில்லை. நேரம் பிடிப்பது தடுப்பைத் தாண்டுவதில்தான். நடுவில் இருக்கும் லைப்ரரியின் வேலை அதற்கு முன் சிறியது. 2018 ஜனவரியில் வெளிவந்த மெல்ட்டவுன் என்ற ப்ராசசர் குறைபாட்டுக்காகச் செய்த திருத்தங்கள், பாதிக்கப்பட்ட ப்ராசசர்களில் தடுப்பைத் தாண்டும் செலவை இன்னும் கூட்டின.

பல சமயம் லைப்ரரியே வேகத்தைக் கூட்டும். 10,000 எழுத்துகளை ஒவ்வொன்றாக நேரடி அழைப்பில் எழுதினால் 10,000 முறை தடுப்பைத் தாண்ட வேண்டும். லினக்ஸின் சி லைப்ரரி பைலுக்குப் போகும் எழுத்துகளைப் பொதுவாக 4,096 சேரும் வரை வைத்திருந்து மொத்தமாக அனுப்பும். மூன்றே அழைப்பில் வேலை முடிந்துவிடும். பத்தாயிரம் ரூபாயை ஒவ்வொரு ரூபாயாக வங்கியில் கட்டுபவர் உண்டா?

கோ போன்றவர்களுக்கு வேறு நியாயம் இருந்தது. எந்த லைப்ரரியையும் சாராமல், ஒரே பைலாக எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய புரோகிராம் வேண்டும் என்று நினைத்தார்கள். லினக்ஸில் அது நன்றாகவே பலித்தது.

மூன்றாவது வகைதான் வீட்டு உபயோகிப்பாளர் கவனிக்க வேண்டியது. தன்னை யாரும் கவனிக்கக் கூடாது என்பதற்காக நேராகப் போகிறவர்கள். பல பாதுகாப்பு சாப்ட்வேர்கள் விசாரணை மேஜையில், அதாவது என்டிடிஎல்எல்லில், ஒரு காவலரை நிறுத்தி வைத்திருக்கின்றன. எந்தப் புரோகிராம் என்ன கேட்கிறது என்று அவர் பார்ப்பார். அவர் கண்ணில் படாமல் இருக்க, சில வைரஸ்கள் மேஜைப் பக்கமே வராமல் கவுன்டருக்குப் போகின்றன. அதனால்தான் நல்ல பாதுகாப்பு சாப்ட்வேர்கள் கெர்னல் பக்கத்திலிருந்து வரும் தகவல்களையும் சேர்த்துப் பார்க்கின்றன. முறையான ஒரு புரோகிராம் நேரடி அழைப்பு செய்தால், ஆன்ட்டி வைரஸ் அதையும் சந்தேகப்படுவதில் வியப்பில்லை.

சில கேம்களில் உள்ள காப்பி பாதுகாப்பும் இப்படித்தான். விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன், விசாரணை மேஜையை அப்படியே நகல் எடுத்து வைத்திருக்கிறது. ஆனால் விண்டோஸ் எண்ணோடு நேராகக் கவுன்டருக்குப் போகும் கேம், அங்கே லினக்ஸ் கெர்னலிடம் போய் நிற்கும். இந்தத் தொல்லையைச் சமாளிக்க 2021 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 5.11-ல் கெர்னலிலேயே தனி வசதி சேர்த்தார்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் பாருங்கள்

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மானேஜர் திறக்கும். பெர்பார்மன்ஸ் பகுதியில் சிபியு கிராப் மீது ரைட் கிளிக் செய்து, ஷோ கெர்னல் டைம்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கிராப்பில் அடர்த்தியான நிறத்தில் ஒரு பகுதி தனியாகத் தெரியும். ப்ராசசர் தடுப்புக்கு உள்ளே, கெர்னல் வேலையில் செலவிட்ட நேரம் அது. பென் டிரைவிலிருந்து ஒரு பெரிய போல்டரைக் காப்பி செய்துகொண்டே கவனித்தால் வித்தியாசம் புரியும்.

இன்னும் ஆர்வம் இருந்தால், மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் ப்ராசஸ் மானிட்டரை இறக்கிக்கொள்ளுங்கள். அதை ஓடவிட்டு, நோட்பேட் என்று பில்டர் போட்டு, ஒரு பைலை சேவ் செய்து பாருங்கள். நான்கு வரிக் கடிதத்துக்குப் பின்னால் எத்தனை வேண்டுகோள்கள் போகின்றன என்பது வரிசையாக ஓடும். ஒவ்வொன்றுக்கும் கிடைத்த பதிலும் பக்கத்திலேயே இருக்கும். இது கெர்னல் பக்கத்தில் நின்று பார்ப்பதால், பைலுக்காக நேராக வரும் அழைப்புகளும் இதில் தெரிந்துவிடும்.

அப்டேட்டுக்கு முன் செய்ய வேண்டியவை

ஒரு புரோகிராம் நின்றுவிட்டால் நாம் முதலில் தேடுவது கம்பாட்டிபிலிட்டி வசதி. ஐகானில் ரைட் கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி டேபைத் திறந்து, பழைய விண்டோஸ் ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். இது பல புரோகிராம்களைக் காப்பாற்றும். முதலில் இதைத்தான் செய்து பார்க்க வேண்டும். ஆனால் இது வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். புரோகிராமுக்கும் டிஎல்எல்லுக்கும் நடுவில் ஒரு மெல்லிய அடுக்கைச் செருகி, "நீ இருப்பது பழைய விண்டோஸ்தான்" என்று நம்ப வைக்கிறது. அதாவது உதவி செய்யும் ஆளும் விசாரணை மேஜையில்தான் நிற்கிறார். அந்தப் பக்கமே வராத புரோகிராமுக்கு அவரால் உதவ முடியாது. கம்பாட்டிபிலிட்டியில் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தும் பயனில்லை என்றால், நேரடி அழைப்பு ஒரு காரணமாக இருக்கலாம். அப்போது அந்தப் புரோகிராமின் புதிய பதிப்பை வாங்குவதுதான் வழி.

டாஸ் காலத்துப் புரோகிராம்களின் கதை வேறு. 32 பிட் விண்டோஸில் டாஸ் போல நடிக்கும் ஒரு பகுதி இருந்தது. 64 பிட் விண்டோஸில் அது இல்லை. பிசிக்கான விண்டோஸ் 11 64 பிட்டாக மட்டுமே வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடையில் கணக்கு முழுவதும் டாஸ் புரோகிராமில் இருந்தது. புதிய கம்ப்யூட்டரில் அது திறக்கவே இல்லை. நல்ல வேளையாக அதன் பைல்கள் டிபேஸ் வகையைச் சேர்ந்தவை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸின் கால்க் அவற்றைத் திறந்துவிட்டது. வாடிக்கையாளர்களின் பாக்கிக் கணக்கு அப்படியே கிடைத்தது. புரோகிராம் போனாலும் கணக்கு போகக் கூடாது. அதற்கு இவற்றைச் செய்து வையுங்கள்.

1. முக்கியமான புரோகிராமில் உள்ள தகவல்களை, வேறு புரோகிராமும் திறக்கக்கூடிய வகையில், எக்ஸ்போர்ட் செய்து தனி டிரைவில் வையுங்கள். புரோகிராமின் சொந்த பேக்கப் மட்டும் போதாது. அதைத் திறக்க அதே புரோகிராம் ஓட வேண்டும்.

2. விண்டோஸின் அடுத்த பதிப்புக்கு மாறும் முன், அந்தப் பதிப்பில் ஓடும் என்று புரோகிராம் தயாரித்தவர் உறுதி தருகிறாரா என்று கேளுங்கள். "எங்களிடம் ஓடுகிறது" என்ற பதில் உறுதி ஆகாது.

3. "இன்ஸ்டால் செய்யும்போது ஆன்ட்டி வைரஸை நிறுத்திவிடுங்கள்" என்று ஒரு புரோகிராம் கேட்டால், அதை இன்ஸ்டால் செய்யாமல் விடுவது நல்லது.

4. பழைய டாஸ் கேம்களுக்கு டாஸ்பாக்ஸ் இருக்கிறது. அது பழைய பிசி முழுவதையும் சாப்ட்வேரிலேயே உருவாக்கிக் காட்டுவதால், திரை மெமரியில் நேராக எழுதும் கேமும் ஓடும். பழைய விண்டோஸ் புரோகிராம் கட்டாயம் வேண்டும் என்றால், விர்ச்சுவல் மெஷினில் பழைய விண்டோஸைப் போட்டு, இன்டர்நெட் இணைப்பு இல்லாமல் பயன்படுத்துங்கள்.

5. புரோகிராம் நின்றுவிடுமோ என்று பயந்து பாதுகாப்பு அப்டேட்களை நிறுத்தி வைக்காதீர்கள். தடுப்பில் விழும் ஓட்டைகளை அடைப்பவை அவைதான்.

நீங்களோ உங்கள் பிள்ளைகளோ புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டால், ஒரு முறை லினக்ஸில் நேரடி அழைப்பு செய்து பாருங்கள். திரையில் "வணக்கம்" என்று காட்ட எழுது, முடி என்ற இரண்டே அழைப்புகள் போதும். கம்ப்யூட்டர் எப்படி இயங்குகிறது என்பது அதில் தெளிவாகத் தெரியும். பிறருக்குக் கொடுக்கும் புரோகிராமை மட்டும் ஆபரேட்டிங் சிஸ்டம் தயாரித்தவர் வாக்குக் கொடுத்த வாசல் வழியாகவே எழுதுங்கள். நாளை அப்டேட் போடப்போவது அவர்கள்தான்.